வடியும் நிணநீரும் வேக்யூம் கட்டும்

காலுக்கு இரத்தம் போகவேண்டும் என்று தொடை இடுக்கைத் திறந்து பைபாஸ் செய்தவர்களில் சிலருக்குச் சில நாட்களில் தையல் ஓரம் ஈரமாகத் தொடங்கும். சீழ் இல்லை, வாடை இல்லை. வெளிர் மஞ்சளில் தெளிந்த நீர். காலையில் மாற்றிய கட்டு மதியத்துக்குள் சொதசொதவென்று நனைந்து, வேட்டியும் விரிப்பும் ஈரமாகிவிடும். "உள்ளே தையல் விட்டுப்போச்சா சார்?" என்று உடனிருப்பவர்கள் பதறுவார்கள். விட்டுப்போனது தையல் அல்ல. தமனியை ஒட்டி அடர்ந்து கிடக்கும் நிணநீர்க் குழாய்களில் ஒன்றிரண்டு அறுபட்டிருக்கும். நிணநீரில் தட்டணுக்கள் ஏறக்குறைய இல்லை. அதனால் இரத்தம்போலச் சட்டென்று உறைந்து வாயை அடைத்துக்கொள்ளாது. நாள்கணக்கில் வடிந்தால் புரதம் குறையும், தோல் ஊறிப் புண்ணாகும், கிருமி உள்ளே இறங்கிச் செயற்கைக் குழாயைத் தொட்டுவிட்டால் காலுக்கே ஆபத்து.

இங்கேதான் வேக்யூம் கட்டு கைகொடுக்கிறது. புண்ணில் ஸ்பாஞ்சை வைத்து, ஒட்டுத்தாளால் காற்றுப்புகாமல் மூடி, குழாய் வழியே மெஷினால் உறிஞ்சும் கட்டு இது. அமெரிக்காவின் வட கரோலினாவில் ஆய்வாளர்கள் அர்ஜென்டாவும் மொரிக்வாஸும் 1997இல் இந்த முறையை விரிவாக எழுதினார்கள். மெஷின் நிணநீரை உறிஞ்சித் தீர்த்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிணநீர் ஊறிக்கொண்டே இருப்பது, உறிஞ்சித் தீராது. கட்டு செய்யும் வேலை வேறு. புண்ணின் சுவர்களை நெருக்கி, உள்ளே நீர் தேங்க இடம் வைக்காமல், புதுத் திசு வளர வழிசெய்கிறது. அந்தத் திசுதான் கசியும் வாயை மூடுகிறது.

கட்டுவதில்தான் கைப்பழக்கம் தெரியும். தொடை இடுக்கு மடிப்பும் வியர்வையும் உள்ள இடம். ஈரத்தோலில் ஒட்டுத்தாள் நிற்காது. ரோமத்தைக் கத்தரித்து, தோலைத் துடைத்து உலரவைத்து, மடிப்பில் ஸ்டோமா பேஸ்ட்டை அப்பி, ஓரங்களில் சிறு சிறு கீற்றாக ஒட்டிய பிறகுதான் பெரிய தாளை விரிப்பேன். ஸ்பாஞ்சைப் புண்ணின் அளவுக்கு வெட்டுவேன், திணிக்கமாட்டேன். மெஷினைப் போட்டதும் ஸ்பாஞ்ச் வற்றல்போலச் சுருங்கி இறுகவேண்டும். 'உஸ்' என்று மெல்லிய சத்தம் வந்தால் எங்கோ காற்று நுழைகிறது. விரல் நுனியால் ஓரத்தைத் தடவிக்கொண்டே போனால் இடம் அகப்படும். வழக்கமான அழுத்தம் மைனஸ் 125 மி.மீ. பாதரசம், வலி தாங்காதவருக்குக் குறைப்போம். 48 முதல் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டை மாற்றவேண்டும்.

பிறகு பார்க்கவேண்டியது, உறிஞ்சிய நீர் சேரும் கேனிஸ்டரை. தினமும் ஒரே நேரத்தில் அளவைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்வேன். நாளுக்கு நாள் இறங்கினால் பொறுக்கலாம். இறங்காமல் நின்றால் மெஷினை நம்பி நாளைக் கடத்துவதில் பயனில்லை. தியேட்டருக்குக் கொண்டுபோய், கால்விரல் இடுக்கில் நீலச் சாயம் ஏற்றி, நீலம் கசியும் வாயைத் தேடித் தைத்துவிடவேண்டும்.

ஸ்பாஞ்சுக்கு அடியில் தமனியோ செயற்கைக் குழாயோ வெறுமையாகத் தெரிந்தால் மெஷினைத் தொடக்கூடாது. முதலில் தொடையின் சார்டோரியஸ் தசையைத் திருப்பி மூடவேண்டும். 2009இல் அமெரிக்க எஃப்.டி.ஏ. இந்த மெஷின்களைப் பற்றி வெளியிட்ட எச்சரிக்கை, இரண்டாண்டுகளில் 6 மரணங்களும் 77 காயங்களும் பதிவானதாகச் சொன்னது. அதில் முதன்மையான ஆபத்தாகக் குறிக்கப்பட்டது இரத்தப்போக்கு. மெஷின் வாடகை கட்டுப்படியாகாத இடங்களில் சுவர் சக்‌ஷனில் குழாயை இணைத்து ஒப்பேற்றுகிறோம். அங்கே அழுத்தத்தை அளக்கும் ரெகுலேட்டர் இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

இதெல்லாம் பின்னால் செய்யும் பரிகாரம். முதல் ஆபரேஷனிலேயே நிணத்திசுவைக் கரண்டால் கருக்கிவிட்டுப் போகாமல் நூலால் கட்டிவிட்டால் பாதித் தொல்லை மிச்சம்.

உடனிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நோயாளிக்கு முட்டை, பருப்பு, மீன் என்று புரதம் கொடுங்கள். கரண்ட் போய் மெஷின் நின்றால் உடனே சிஸ்டரிடம் சொல்லுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றுவிட்டால் அந்தக் கட்டை எடுத்தே ஆகவேண்டும். குழாயில் திடீரென்று சிவப்பாக இரத்தம் ஓடினால் மெஷினை நிறுத்தி, புண்ணை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சத்தம் போடுங்கள். டாக்டர் வரும்வரை கையை எடுக்காதீர்கள்.