நேற்றைய சாப்பாட்டில் பழி போடாதீர்கள்

குன்மநோயும் குதிரைமுகமுமாக வந்த மாருதப்புரவீகவல்லி என்ற சோழ இளவரசி கீரிமலையில் தீர்த்தமாடிச் சுகமடைந்தாள், பிறகு மாவிட்டபுரத்தில் முருகனுக்குக் கோயில் எடுத்தாள் என்பது எங்களூர் ஐதிகம். கதைப்பவர்கள் எல்லோரும் குதிரைமுகத்தையே கதைப்பார்கள். எனக்கென்னவோ அந்தக் குன்மம்தான் நெருக்கம். வயிற்று வருத்தம் இல்லாத வீடு இந்தப் பக்கத்தில் எது?

ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக் கேணியில் முழுகுகிற பிள்ளைகள் ஒரு மிடறு குடித்தும் விடுகிறார்கள். முழுகுங்கள், குடிக்காதீர்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மழைத்தண்ணீர் சுண்ணக்கல் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி, நிலத்தடியில் தேங்கி, கிணற்றிலும் கேணியிலும் எழும்புகிறது. மணலைப்போல் அந்த வெடிப்புகள் தண்ணீரை வடிகட்டித் தரமாட்டா. பக்கத்து வளவு மலசலகூடக் குழியில் போனது உங்கள் கிணற்றுக்கு வரப் பெரிய தடை இல்லை. நெருப்புக்காய்ச்சலும் செங்கமாரியும் பிடிக்கிற வழிகளில் இதுவும் ஒன்று. கண்ணாடிபோல் தெளிந்திருந்தாலும் கொதிக்கவைத்து ஆறியபிறகே குடிக்க வேண்டும்.

செங்கமாரி என்று தெரிந்ததும் வீட்டில் முதலில் எழும் கேள்வி, “நேற்று எங்கே சாப்பிட்டாய்?” கொத்துரொட்டிக் கடைக்காரன் பாவம். ஈரலழற்சி ஏ வைரஸ் வயிற்றுக்குள் போய் 15 முதல் 50 நாள் கழித்துத்தான் நோயாக வெளிப்படும். பெரும்பாலும் நாலு கிழமை. ஆடி அமாவாசையில் குடித்தது ஆவணி அமாவாசையில் கண்ணில் தெரியும். அதற்கும் முன்னரே பசி செத்துப்போகும், குமட்டும், சலம் தேயிலைச் சாயமாகப் போகும். கண் மஞ்சளாவதற்கு முந்திய அந்த நாட்களில்தான் அது மற்றவர்களுக்கும் அதிகம் தொற்றும். சின்னப் பிள்ளைகளுக்குப் பல நேரம் மஞ்சளே தெரியாது. அவர்கள் கைகழுவாமல் திரிந்தால் வீடு முழுக்கப் பரவும்.

கீழ்காய்நெல்லி அரைத்துக் கொடுத்துச் சுகப்படுத்தினோம் என்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. இந்த வகைச் செங்கமாரி ஓய்வும் ஆகாரமும் இருந்தால் பெரும்பாலும் சில கிழமைகளில் தானாகவே மாறும். பெயர் மூலிகைக்குப் போகிறது. ஈரலழற்சி பி நோய்க்கு அது நல்ல பலன் தந்ததாகச் சென்னை ஆய்வாளர்கள் 1988 இல் லான்செற் சஞ்சிகையில் எழுதியது உண்மை. பின்னால் நடந்த பரிசோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை என்பதும் உண்மை.

காத்திருக்கக்கூடாத மஞ்சளும் உண்டு. ஆள் தடுமாறிக் கதைத்தால், பகல் முழுக்கத் தூங்கினால், முரசில் இரத்தம் கசிந்தால் ஈரல் கைவிடுகிறது; உடனே 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள். வெள்ளத்துக்குப் பின் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண்சிவப்புமாக வந்து சலம் குறைந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். 2024 டிசம்பரில் இந்தக் குடாநாட்டிலேயே அது உயிர்களைக் கொண்டுபோனது. அறுபது தாண்டியவருக்கு நோவே இல்லாமல் மஞ்சள் வந்து, உடம்பு கடித்து, மலம் வெளிறிப்போனால் பித்தக்குழாயை ஏதோ அடைத்திருக்கிறது. கல்லோ கட்டியோ, ஸ்கான் பார்க்காமல் தெரியாது.

இனிக் ‘காஸ்ரிக்’. எங்கள் கறித்தூளின் உறைப்புக்குத்தான் எப்போதும் பழி. குடற்புண்ணுக்குப் பெரும் காரணங்கள் இரண்டு: ஹெலிக்கோபக்ரர் என்ற பக்ரீரியா, மற்றது நோக்குளிசைகள். பரி மார்ஷல் என்ற அவுஸ்திரேலிய வைத்தியர் 1984 இல் அந்தக் கிருமியைத் தானே குடித்து வயிற்று அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005 இல் ரொபின் வொறனோடு நோபல் பரிசும் பெற்றார். எங்கள் ஒழுங்கை அண்ணர் ஒருவர் முழங்கால் நோவுக்கு மருந்துத் துண்டு இல்லாமல் கடையில் குளிசை வாங்கி மாதக்கணக்காய் விழுங்கிவந்தார். மலம் தார்போல் கறுத்து ஒட்டியதை மூன்றாம் நாள்தான் மனிசியிடம் சொன்னார், அதுவும் வெட்கப்பட்டு. வயிற்றுக்குள் இரத்தம் போய்க்கொண்டிருந்தது. மனிசி கேள்வி ஏதும் கேட்காமல் ஓட்டோவைக் கூப்பிட்டதால் ஆள் இன்றைக்கும் இருக்கிறார்.

பனடோலும் விளையாட்டில்லை. 500 மில்லிகிராம் குளிசை ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடவே கூடாது. குடிகாரருக்கும் ஈரல் பழுதானவருக்கும் அதிலும் குறைவு, வைத்தியரைக் கேட்டே போடவேண்டும்.

எல்லாவற்றிலும் மெதுவாக வருவது ஈரல் கொழுப்பு. பத்து, இருபது வருடம் ஒரு நோவும் காட்டாது. ராகமையில் நடந்த ஆய்வொன்றில் நடுத்தர வயதினரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது இருந்தது. சாராயம் தொடாதவர்களுக்கும் வரும். நீரிழிவும் வயிற்றுப் பருமனும் கூட்டிக்கொண்டு வரும். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஈரல் நன்றாகத் தேறும். எண்பது கிலோக்காரர் எட்டுக் கிலோ இறக்கவேண்டும்: சோற்றைப் பாதியாக்கி, தேத்தண்ணீரில் சீனியை விட்டு, பின்னேரம் கடற்கரைவரை நடந்து. ஒரே மாதத்தில் இறக்கப் பட்டினி கிடக்காதீர்கள், பித்தப்பையில் கல் வரும்.