கையொப்பமில்லாக் கடிதம்

நண்பகல் மணி அடித்தது. பள்ளியில் சத்துணவுக்கு அமர்ந்த பிள்ளைகளை எண்ணினோம்: 74 பேர். பதிவேட்டைப் புரட்டினோம்: 110! முப்பத்தாறு குழந்தைகள் ஏட்டிலே பிறந்து, ஏட்டிலே உண்டு, ஏட்டிலேயே பசியாறியிருந்தனர். அரிசியும் பருப்பும் முட்டையும் எங்கே போயின? அறியாதார் இல்லை, கேட்பாரும் இல்லை.

வகுப்பறையில் வாய்மை பற்றி முழங்கும் நாம் அன்றிரவு என்ன செய்தோம்? மேலதிகாரிக்குக் கடிதம் தீட்டினோம். அடியிலே பெயர் எழுதவில்லை. வீட்டுக்கு ஒரே வருவாய் நமது ஊதியம். வேலை போய்விட்டால்? அந்த அச்சம் பேனாவைப் பிடித்துக்கொண்டது.

விசாரணை வரவில்லை, வதந்தி வந்தது. ஐயம் விழுந்தது சமையல் உதவியாளரான அம்மையார்மீது! "நாளைமுதல் வரவேண்டாம்" என்றனர். அவர் எழுதப் படிக்க அறியாதவர், தோழர்களே! நாம் மறைத்த பெயருக்கு அவர் தண்டனை பெற்றார்.

நமது அச்சம் வெறுங் கோழைத்தனமா? கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற பொறியாளர் சத்யேந்திர துபே, தங்க நாற்கரச் சாலைப் பணியின் முறைகேடுகளை 2002-இல் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். பெயரை வெளியிடாதீர் என வேண்டினார். ஆனால், கடிதம் பெயரோடே மேசைக்கு மேசை பயணம் போயிற்று. 2003 நவம்பர் 27-இல் கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக் கொலை என்றது சி.பி.ஐ.; குடும்பத்தார் அதனை ஏற்கவில்லை.

நாடு கொதித்தது. முறையீட்டாளரின் பெயரைக் காக்கும் பொறுப்பினை, 2004-இல் மத்திய அரசின் தீர்மானம் ஒன்று ஊழல் கண்காணிப்பு ஆணையத்திடம் ஒப்படைத்தது. 2014-இல் சட்டமே பிறந்தது. முறையிட்டவர் பெயரை வெளியிடுவோருக்கு மூன்றாண்டுவரை சிறை. பழிவாங்கவில்லை என மெய்ப்பிக்கும் சுமை அலுவலகத்துக்கே. பெயரில்லா முறையீடு ஏற்கப்படாது. பெயர் கேட்கும் சட்டம் பெயருக்குக் காவலும் தருகிறது. நேர்மையான ஏற்பாடுதான்!

ஆனால் அந்தக் காவலன் கண் விழித்தானா? நடைமுறைக்கு வரும் நாளை மத்திய அரசு அறிவித்தால்தான் சட்டத்துக்கு உயிர். ஒப்புதல் பெற்றுப் பத்தாண்டு நிறைந்த 2024 மே திங்களிலும் அந்நாள் குறிக்கப்படவில்லை. அச்சிட்ட தாளில் நீதி, அலுவலகத்தில் அநீதி!

சட்டம் விழிக்கட்டும் என நாம் காத்திருக்கலாமா? அம்மையார் வீட்டு அடுப்பு காத்திருக்குமா? இரண்டாம் கடிதம் எழுதினோம். எண்ணிய நாள், எண்ணிக்கை, பதிவேட்டுப் பக்கம் அனைத்தும் குறித்தோம். முதற் கடிதமும் நமதே என ஒப்புக்கொண்டோம். கீழே முழுப் பெயர். உடன்பணிபுரியும் ஆசிரியர் இருவரும் ஒப்பமிட்டனர். நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான சீட்டும் வாங்கினோம்.

விசாரணை தொடங்கியிருக்கிறது. அம்மையாருக்கு வேலை இன்னும் திரும்பவில்லை. அது திரும்பும்வரை நமது கடமை முடியவில்லை. தோழர்களே, உண்மை கூறுவோரைத் தியாகிகளாக்கிச் சிலை வைப்பது பெருமையன்று. அவர் மறுநாளும் அச்சமின்றிப் பணிக்குச் செல்லும் நாடே நாடு. அச்சட்டத்துக்கு நாள் குறிக்கச் சொல்லிக் கேளுங்கள், பெயரிட்டுக் கேளுங்கள்!