பலேர்மோவில் மூன்று டிரா

இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலேர்மோ துறைமுகத்திலிருந்து நாப்போலிக்கும் ஜெனோவாவுக்கும் கப்பல் போகிறது. கடல் தாண்டித் துனிசுக்கும் போகிறது. கப்பல் கட்டும் தளத்துக்கு அப்பால் ஒரே பாறையாக எழுந்து நிற்பது மோந்தே பெல்லெக்ரினோ மலை. மலையின் மறுபக்கத்தில், ஃபவோரிதா பூங்காவை ஒட்டி, ஊரின் கால்பந்து மைதானம். 1990 உலகக் கோப்பையின் மூன்று ஆட்டங்கள் அங்கே நடந்தன. மூன்றும் டிரா. மொத்தமே நான்கு கோல். அந்தப் போட்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் ரோமில் மேற்கு ஜெர்மனி கோப்பை வென்றதைச் சொல்வார்கள், மரடோனாவின் கண்ணீரைச் சொல்வார்கள். பலேர்மோவைப் போகிறபோக்கில் விட்டுவிடுவார்கள். அப்படி விடக்கூடாத ஊர் அது.

இந்த ஊருக்குக் கால்பந்தே கடல் வழியாக வந்ததுதான். இங்கே குடியேறிய ஆங்கிலேய வணிகக் குடும்பங்களும், லண்டனில் ஆட்டத்தைப் பார்த்துத் திரும்பிய உள்ளூர் இளைஞர்களும் சேர்ந்து 1900 நவம்பர் 1 அன்று சங்கம் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில், தேயிலை முதலாளி தாமஸ் லிப்டன் கொடுத்த கோப்பைக்காகப் பலேர்மோவும் நாப்போலியும் மோதத் தொடங்கின. 1912இல் பலேர்மோ 6-0 என்று வென்றது. இலங்கை மலையகத்தில் நம்மவர்கள் கூடை சுமந்து பறித்த கொழுந்தில்தான் லிப்டனின் செல்வம் பெருகியது. கோப்பை வரலாற்றில் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை என்பதை இங்கே சொல்லியே ஆக வேண்டும்.

1934 உலகக் கோப்பை இத்தாலியில் நடந்தபோது பலேர்மோவுக்கு ஓர் ஆட்டமும் கிடைக்கவில்லை. 56 ஆண்டு கழித்து வாய்ப்பு வந்தது. அதற்கு ஊர் கொடுத்த விலை பெரிது. 1989 ஆகஸ்ட் 30 அன்று, மைதானத்தைப் புதுப்பிக்கும் வேலையின்போது மேற்கூரைக்கான இரும்புக் கட்டுமானம் சரிந்து விழுந்து ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். பலேர்மோவின் உலகக் கோப்பைக் கதையை அந்த ஐந்து பேரிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆறாவது பிரிவில் இங்கிலாந்து, அயர்லாந்து, நெதர்லாந்து, எகிப்து. ஆங்கில ரசிகர்களின் அடிதடிக்குப் பயந்து இங்கிலாந்தைச் சார்தீனியாத் தீவிலேயே நிறுத்திவைத்தார்கள். இங்கிலாந்து ஆடாத மூன்று ஆட்டங்கள் சிசிலிக்கு வந்தன.

ஜூன் 12 அன்று ஐரோப்பிய சாம்பியன் நெதர்லாந்தை எதிர்த்து நின்றது எகிப்து. 1934க்குப் பிறகு அவர்கள் ஆடிய முதல் உலகக் கோப்பை ஆட்டம். குல்லிட், வான் பாஸ்டன், ரைகார்ட் மூவரும் எதிரே இருந்தும் எகிப்தியர்கள் ஒதுங்கி நிற்காமல் ஏறி ஆடினார்கள். ஒரு கோல் பின்தங்கியிருந்த நேரத்தில், 83ஆவது நிமிடத்தில் கிடைத்த பெனால்டியை மாக்தி அப்தெல்கனி கோலாக்கினார். உலகக் கோப்பையில் எகிப்தின் அடுத்த கோல் வருவதற்கு 28 ஆண்டு பிடித்தது. அதை அடித்தவர் முகமது சாலா.

அதே எகிப்து ஐந்து நாள் கழித்து அயர்லாந்துக்கு எதிராகக் கோட்டைக் கதவைச் சாத்திக்கொண்டது. டிஃபெண்டர் பந்தைத் தன் கோல்கீப்பருக்குத் தட்டுவார். அவர் கையில் எடுத்து, தரையில் தட்டி, மறுபடி உருட்டிவிடுவார். பந்து திரும்ப அவரிடமே வரும். அன்றைய விதிப்படி அதில் தவறில்லை. 0-0. கோல்கீப்பருக்குக் காலால் திருப்பித் தரும் பந்தை அவர் கையால் எடுக்கக் கூடாது என்று 1992இல் விதி மாறியது. அதற்குக் காரணம் சொல்லும்போதெல்லாம் இந்த ஆட்டத்தையும் குறிப்பிடுகிறார்கள். கால்பந்தின் வேகத்தையே கூட்டிய மாற்றம் அது. உலகம் சலித்துப் பார்த்த அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு இன்றைய ஆட்டம் கடன்பட்டிருக்கிறது.

ஜூன் 21. அயர்லாந்துக்கு எதிராக 10ஆவது நிமிடத்திலேயே நெதர்லாந்தின் குல்லிட் கோல் அடித்துவிட்டார். அயர்லாந்து விடாமல் முட்டிக்கொண்டிருந்தது. 71ஆவது நிமிடத்தில் கோல்கீப்பர் பாக்கி பானர் பந்தை நெடுந்தூரம் உதைத்தார். நெதர்லாந்தின் வான் ஆர்லே காலை நீட்டித் தன் கோல்கீப்பர் பக்கமே திருப்பிவிட்டார். வான் ப்ரூகலன் பாய்ந்து விழுந்தும் பந்து கையில் நிற்கவில்லை. நெடிய உருவமான நயல் குவின் சறுக்கிக்கொண்டே வந்து காலை வைத்தார். 1-1. அதே நேரம் சார்தீனியாவின் காலியாரியில் இங்கிலாந்து எகிப்தை வென்றுகொண்டிருந்தது. டிரா போதும், இருவரும் அடுத்த சுற்றுக்குப் போகலாம் என்பது தெரிந்த பிறகு, மிச்ச நிமிடங்களில் இரு அணியும் அவசரப்படவில்லை.

புள்ளி, கோல் எல்லாமே சமம் என்பதால் சீட்டுக் குலுக்கிப் பார்த்தார்கள். இரண்டாமிடம் அயர்லாந்துக்கு. மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்ட நெதர்லாந்து மிலானில் மேற்கு ஜெர்மனியிடம் தோற்று ஊர் திரும்பியது. அயர்லாந்தோ ருமேனியாவைப் பெனால்டியில் வென்று காலிறுதிக்கே போய்விட்டது.

இலங்கைப் போரிலிருந்து தப்பிய தமிழர்கள் பலேர்மோவுக்கு வரத் தொடங்கியதும் இந்த உலகக் கோப்பைக்கு முந்தைய எண்பதுகளில்தான். வீட்டு வேலை பார்த்துக் காலூன்றினார்கள். மோந்தே பெல்லெக்ரினோவின் குகைக் கோயிலில் இருக்கும் சாந்தா ரோசாலியா என்ற புனிதை இன்று அவர்களுக்கும் தாய். கிறிஸ்தவர் மட்டுமல்ல, இந்துக்களும் நேர்த்திக்கடனோடு மலை ஏறுகிறார்கள்.

ஊரின் பெரிய வீரனோ அந்த ஜூன் மாதம் ஊரில் இல்லை. சால்வதோரே ஸ்கில்லாச்சி 1964இல் பலேர்மோவில் பிறந்தவர். ஏழைக் குடியிருப்பில் வளர்ந்து, நகரப் பேருந்துக் கழகத்தின் அணியில் ஆடி, 1982இல் மெசினாவுக்குப் போனவர். பலேர்மோவின் இளஞ்சிவப்புச் சட்டையை அவர் ஒருபோதும் அணியவில்லை. யுவெந்தஸுக்குப் போன பிறகு, வடக்கத்தி மைதானங்களில் அவரைத் தெற்கத்தியன், டயர் திருடன் என்று கூவினார்கள். உலகக் கோப்பையில் ஆஸ்திரியாவுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கிய சில நிமிடங்களில் தலையால் முட்டிக் கோல் அடித்தார். மொத்தம் ஆறு கோல்; தங்கக் காலணியும் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. கூவிய ஊர்களெல்லாம் அவர் பெயரைச் சொல்லித் தெருவில் ஆடின.

ஜூன் 30 அன்று ரோமில் காலிறுதி. இத்தாலிக்கு எதிரே, பலேர்மோவிலிருந்து மீண்டு வந்த அதே அயர்லாந்து. 38ஆவது நிமிடத்தில் தொனாதோனி உதைத்ததைப் பானர் தடுத்தார். பந்து கைக்குள் அடங்காமல் விலகியது, அவரும் நிலைகுலைந்தார். அந்தப் பந்தை வலைக்குள் அனுப்பி அயர்லாந்தை ஊருக்கு அனுப்பியவர் ஸ்கில்லாச்சி.