பெட்டியில் ஒரு தபால்தலை

அணைக்கட்டுப் பக்கம் ஒரு வீட்டில் ஷூ கம்பெனிக்குப் போகிறவர் இருந்தால், அடுத்த வீட்டில் பட்டாளத்துக்குப் போய் வந்தவர் இருப்பார். இந்தப் பெரியவர் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். பென்ஷனில் மிச்சம் பிடித்து வெள்ளி நாணயம் சேர்க்கிறார். போரும் படையும் சம்பந்தப்பட்டவை மட்டும்தான் வேண்டும் அவருக்கு.

இவை கடைத்தெருவில் புழங்கும் காசுகள் அல்ல. மத்திய அரசின் நாணயச்சாலை அறிவிப்பு வந்ததும் பணம் கட்டி முன்பதிவு செய்ய வேண்டும். பல மாதம் கழித்துத் தபாலில் வரும். தேதியைத் தவறவிட்டால், வியாபாரி சொல்வதுதான் விலை.

அவருடைய செல்லம் 2018-ல் வந்த 75 ரூபாய் நாணயம். 1943 டிசம்பர் 30 அன்று போர்ட் பிளேயரில் நேதாஜி கொடியேற்றியதன் நினைவாக வெளியிட்டது. செல்லுலார் சிறை பின்னால் தெரிய, நேதாஜி சல்யூட் அடித்து நிற்கிறார். மலேயா ரப்பர் தோட்டத் தமிழர்கள் ஏராளமாகச் சேர்ந்த படை அது என்பதில் அவருக்குத் தனிப் பெருமை.

35 கிராம் எடை. அதில் பாதிதான் வெள்ளி. மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். போன ஜூனில் பேத்தியின் காலேஜ் ஃபீஸுக்குப் பணம் போதவில்லை. அடகுக்கடையில் இதை நீட்டினார். "பதினேழரை கிராம் வெள்ளிக்குத்தான் காசு தருவேண்ணே" என்றார் கடைக்காரர். வாங்கிய விலைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. திரும்பக் கொண்டுவந்துவிட்டார். அடகுக்குப் போனது மனைவியின் தோடு.

"உங்க பட்டாளக் காசு பத்திரமா இருக்கு. என் காதுதான் மூளியா இருக்கு" என்கிறார் அந்த அம்மா. நியாயமான பேச்சுதான். அவசரத்துக்கு நகைபோல உதவும் என்று நம்பி யாரும் இதை வாங்க வேண்டாம். வாங்கியவர்கள், குத்துவிளக்கைத் துலக்குவதுபோல விபூதி போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். கீறல் விழுந்தால் சேகரிப்பவர்களிடமும் மதிப்புப் போய்விடும்.

ஒரே ஒரு நாணயத்தைக் காட்டும்போது மட்டும் பெரியவரின் குரல் ஏறும். 1857-ஐ முதல் சுதந்திரப் போர் என்று சொல்லி, 150-ம் ஆண்டுக்காக 2007-ல் வெளியிட்ட 100 ரூபாய் நாணயம் அது. அவர் பஸ் ஏறிப் போய் வரும் தூரத்தில் இருக்கும் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தது 1806 ஜூலை 10. அரை நூற்றாண்டு முந்தியது! நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையைத்தான் அணிய வேண்டும் என்ற உத்தரவுகள் மூட்டிய தீ. (தோலை நம்பிப் பிழைக்கும் இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு இது பாடப்புத்தகத்தைவிடச் சீக்கிரம் மனதில் நிற்கிறது.) ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு கில்லஸ்பி விரைந்து வந்து, அன்றைக்கே ரத்தவெள்ளத்தில் அதை அடக்கினார்.

2006-ல், 200-ம் ஆண்டுக்குத் தபால்தலை வெளியிட்டார்கள். அந்தத் தபால்தலையைத்தான் நாணயப் பெட்டியில், 1857-க்கு முந்தைய குழியில் வைத்திருக்கிறார் பெரியவர். 2031 வந்தால் 225 ஆண்டு. அதற்காவது வெள்ளி நாணயம் வேண்டும் என்று டெல்லிக்கு மனு எழுதப்போகிறாராம்.

"எழுதுங்க, வேணான்னு யாரு சொன்னது? முதல்ல தோட்டை மீட்டுட்டு எழுதுங்க" என்கிறார் வீட்டம்மா.