திரும்பி வரும் தட்டு

மார்கழியில் கரிசல் காடு பச்சை போர்த்தி நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்த மண்ணில் கம்பும் சோளமும் உளுந்தும் பாசியும் வளர்ந்துகொண்டிருக்கும். ஓட்டப்பிடாரம் வட்டாரத்துச் சம்சாரிக்குக் கையில் காசு புரளாத காலம் அது. வெள்ளாமை வீடு வந்து சேர வேண்டும். அதுவரை பொறுத்திருக்க வேண்டும். அந்தப் பொறுத்திருக்கும் நாள்களில்தான் கிறிஸ்து பிறப்புப் பெருவிழா நம் இல்லங்களுக்கு வருகிறது. ஆகவே, இம்மண்ணில் அவ்விழாவைப் பல தலைமுறைகளாக அழகு செய்து வந்தது பெரும்பாலும் கைவேலையே.

குடில் அமைப்பதைப் பாருங்கள். படப்பிலிருந்து உருவிய சோளத்தட்டை சுவராகிறது; பனையோலை கூரையாகிறது. கண்மாய்க் கரம்பையைப் பிசைந்து சிறுவர்கள் ஆடும் மாடும் செய்கிறார்கள். கரிசல் மண் காய்ந்தால் வெடிக்கும். ஆதலால் நம் ஊர்ப் பெத்லகேமின் மாடு முதுகில் வெடிப்போடுதான் நிற்கும். திருவருகைக் காலத்தில் கிண்ணத்தில் விதைத்த கேழ்வரகும் கம்பும் விழாவுக்குள் விரல் நீளம் முளைத்துப் புல்வெளியாகிவிடும்.

வசதி இல்லாததால் செய்துகொண்ட சமாதானம் இது என்று எண்ண வேண்டாம். 1223-ஆம் ஆண்டு, இத்தாலி நாட்டின் கிரேச்சோ என்னும் சிற்றூரில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் குடில் மரபைத் தொடங்கி வைத்தபோது அங்கே சிலைகள் இல்லை. வைக்கோல் பரப்பிய தீவனத் தொட்டி, ஒரு காளை, ஒரு கழுதை, தீப்பந்தங்களோடு திரண்டு வந்த ஊர் மக்கள், அவ்வளவே. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசம்பர் 1 அன்று அதே கிரேச்சோவில் கையொப்பமிட்ட திருத்தூது மடலில், இல்லந்தோறும் குடில் அமைக்கும் வழக்கத்தைப் போற்றினார். அதனைச் சிறு வயதில் பெற்றோரிடமும் தாத்தா பாட்டியரிடமும் கற்றுக்கொள்கிறோம் என்பதையும் நினைவூட்டினார்.

நம் பகுதியின் நட்சத்திரத்துக்கு இன்னொரு கதை உண்டு. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரங்களில் தீப்பெட்டித் தொழில் வீட்டுத் திண்ணை வரை வந்திருந்தது. கூலிக்குப் பெட்டி ஒட்டிய பெண்களின் கைகளை நாம் அறிவோம். பள்ளியில் இருந்திருக்க வேண்டிய பிள்ளைகளின் கைகளையும் அறிவோம். இயந்திரங்கள் பெருகிய பின் அந்தக் கைவேலை பெரிதும் சுருங்கிவிட்டது. ஆயினும் அந்நாளில் பகலெல்லாம் எண்ணி எண்ணிப் பெட்டி ஒட்டிய விரல்கள், இரவில் மூங்கில் சிம்புகளைக் கட்டி வண்ணத்தாள் ஒட்டி நட்சத்திரம் செய்தபோது எதையும் எண்ணவில்லை. பசை அதே பசைதான். வாசலில் அது ஒளிர்ந்தபோது, தம் கைகள் கூலிக்கு மட்டும் படைக்கப்பட்டவை அல்ல என்பதை அவ்வீட்டார் கண்டுகொண்டார்கள்.

இனிப் பலகாரம். முறுக்கும் அதிரசமும் ஒருபுறமிருக்க, தென்பாண்டிச் சீமையின் விழாப் பலகாரம் முந்திரிக்கொத்து. பெயரில் முந்திரி உண்டு. உள்ளே முந்திரிப் பருப்பு இல்லை. வறுத்து இடித்த பாசிப்பயறு, எள், தேங்காய், கருப்பட்டிப் பாகு ஆகியவற்றைச் சேர்த்து உருட்டிக் காயவைத்து, அரிசி மாவுக் கரைசலில் தோய்த்து, மூன்று மூன்றாக ஒட்டிப் பொரிப்பார்கள். முந்திரி என்பது திராட்சைக்கும் பழைய பெயர். திராட்சைக் குலை போன்ற தோற்றம் கண்ணுக்குத் தெரியும். இதற்கு இரண்டு நாள் உழைப்பு வேண்டும். அந்த உழைப்பு ஒருத்தியின் இடுப்பு வலியாக மட்டும் முடிந்துவிடலாகாது. வீரமாமுனிவர் தம் தேம்பாவணிக்குத் தலைவராகக் கொண்ட சூசையப்பர் கையால் உழைத்த தச்சர் என்பதை நம் ஆண்மக்களும் நினைத்து, உரலடிக்கு வரட்டும்.

பலகாரம் தட்டில் வைக்கப்பட்டு வாசலைத் தாண்டும்போதுதான் உண்மையான கேள்வி எழுகிறது. அது எந்த வீடு வரை செல்லும்? சமைத்ததை ஏற்காத வீட்டுக்கு வெற்றிலையும் பழமும் பச்சரிசியும் அனுப்புவது நம் நாட்டில் பழைய வழக்கம். இன்று அந்த இடத்தைக் கடை இனிப்புப் பெட்டி பிடித்துக்கொண்டது. கடைப் பண்டத்தை நாம் பழிக்கவில்லை. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் உழைப்பாளிகளின் வியர்வையே. ஆனால் முத்திரையிட்ட பெட்டி எந்தக் கையையும் காட்டுவதில்லை. வீட்டுப் பலகாரமோ, "எங்கள் கை பட்டது இது, ஏற்றுக்கொள்வீர்களா?" என்று கேட்டு நிற்கிறது.

பிற சமயத்தாரைப் பார்த்து மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. வடக்கன்குளம் ஆலயத்தில் சாதி பார்த்து மக்களைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. அச்சுவரை எழுப்பியவர்களும் நற்கருணை உட்கொண்டவர்களே. ஒரே அப்பத்தில் பங்குபெறும் நாம் ஒருவர் அடுக்களையில் வெந்ததை மற்றவர் உண்ணத் தயங்கினால், அச்சுவரின் கற்களை இன்னும் நெஞ்சில் சுமக்கிறோம் என்றே பொருள்.

இன்னொன்றும் உண்டு. பெட்டியைப் பிரித்தபின் எறிந்துவிடுவார்கள். தட்டோ திரும்பி வரவேண்டும். வெறும் தட்டைக் கொடுப்பது நம் வழக்கமன்று. ஒரு பிடி சீனியாவது, நாலு காய்ந்த மிளகாயாவது வைத்துத் தருவார்கள். பொங்கலன்று அவர்கள் வீட்டுப் பொங்கலோடும் அது வரலாம். கொடுத்தவர் பெறுபவராகிறார்; ஒரு நாள் விழா ஓர் உறவாகிறது. அன்னை மரியா தம் கையால் துணியில் பொதிந்து கிடத்திய குழந்தையும், வானினின்று நம் கைகளை நம்பி வந்த கொடையன்றோ!

வரும் பெருவிழாவுக்கு நம் கையால் ஒன்றேனும் செய்வோம். இதுவரை செல்லாத ஒரு தெருவுக்கு, நாமே அதை ஏந்திச் செல்வோம். அங்கிருந்து தட்டில் எது வந்தாலும், வாங்கிய இடத்திலேயே ஒரு வாய் உண்டு மகிழ்வோம்.