குஞ்சுகள் கற்கும் பகை

சித்திரை, வைகாசி பிறந்தால் எங்கள் தெருவில் யாராவது ஒருவர் தலையைக் கையால் பொத்திக்கொண்டு ஓடுவார். வேப்பமரத்திலோ மின்கம்பத்திலோ காக்கை கூடு வைத்திருக்கும். குஞ்சு கீழே இறங்கிவிட்டது என்றால் பெற்ற இரண்டும் தாழப் பறந்து வந்து பின்மண்டையில் தட்டிவிட்டுப் போகும். காக்கை தலையில் தட்டினால் சனி பிடிக்கும் என்று பயந்து, தலைக்குக் குளித்துக் கோயிலுக்குப் போய் எள் விளக்கு ஏற்றுவார்கள். ஏற்றட்டும், நல்லதுதான். போகிற வழியில் மதிலோரம் குனிந்து பார்த்தால் காரணமும் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

அந்தக் குஞ்சைப் பலரும் நோயாளிக் காக்கை என்று நினைத்துவிடுகிறார்கள். உருவத்தில் பெரிதாக இருப்பதால் வரும் குழப்பம் அது. வால் குட்டையாக இருக்கும். வாயைத் திறந்தால் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும். பறக்கப் பழகுகிற வயது. பரிதாபப்பட்டு வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. தரையில் இருந்தாலும் தாயும் தகப்பனும் வந்து ஊட்டிவிடும். நாய், பூனை நடமாட்டம் இருந்தால் பக்கத்துக் கிளையிலோ மதில்மேலோ ஏற்றிவிட்டு விலகிவிடுங்கள். ஒரு வாரம் எதிர்ச்சாரியில் நடந்து போனால் அதற்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி.

எங்கள் எதிர்வீட்டுத் தம்பி ஒருவர் மாடிக்கு வெளிச்சம் வரவில்லை என்று வேம்பின் கிளையை வெட்டினார். கிளையோடு கூடும் போயிற்று. அன்றிலிருந்து காக்கைகள் அவரை விடுவதில்லை. சட்டை மாறினாலும் வண்டி மாறினாலும் பயனில்லை. ஹெல்மெட்டோடு வாசலில் வந்து நிற்கிறவரை சத்தமே இருக்காது. ஹெல்மெட்டைக் கழற்றினாரோ இல்லையோ, கேபிள் கம்பியில் உட்கார்ந்திருக்கும் ஒன்று கழுத்தை நீட்டிக் கரகரவென்று ஆரம்பிக்கும். நாலு பக்கமிருந்தும் மற்றவை வந்து சேர்ந்துகொள்ளும். பால்காரரையோ பூக்காரம்மாவையோ அவை ஒன்றும் செய்வதில்லை. மறு வருஷம் பிறந்த குஞ்சுகளும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்து கத்துவதைப் பார்த்துவிட்டு என் பேரன் கேட்டான்: "தாத்தா, மரம் வெட்டுனப்போ இதுங்க பொறக்கவே இல்லையே. அந்த அண்ணன்தான்னு இதுங்களுக்கு யாரு சொன்னா?"

நல்ல கேள்வி. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் என்ற பேராசிரியரும் இதைத்தான் வருஷக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தார். 2006இல் அவரும் மாணவர்களும் ஆதிமனிதன் முகமூடியை மாட்டிக்கொண்டு, வளாகத்தில் 7 காக்கைகளை வலையில் பிடித்துக் காலில் வளையம் போட்டு விட்டுவிட்டார்கள். வேறு துன்பம் எதுவும் செய்யவில்லை. பிறகு அதே முகமூடியோடு வளாகத்தில் சும்மா நடந்தார்கள். ஒருநாள் அப்படிப் போனபோது எதிர்ப்பட்ட 53 காக்கைகளில் 47 கூடிக்கொண்டு திட்டின. வலைக்குள் அகப்பட்டவை ஏழே ஏழுதான். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அப்போதைய துணை அதிபர் டிக் செனியின் முகமூடியோடும் நடந்தார்கள். அந்த முகத்தை அவை பெரிதாகச் சட்டை செய்யவில்லை. மற்றவை திட்டுவதைப் பார்த்துப் பெரிய காக்கைகள் கற்றன. தாய் தகப்பனைப் பார்த்துக் குஞ்சுகள் கற்றன.

காக்கையின் புத்தியைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன். ஜப்பானில் செண்டாய் நகரத்துக் காக்கைகள் வாதுமைக்கொட்டையைச் சாலையில் போட்டுக் கார்ச் சக்கரத்தால் உடைத்துத் தின்கின்றன. நியூ கலிடோனியாத் தீவில் குச்சியை வளைந்த கொக்கியாகச் செதுக்கிப் புழு எடுக்கின்றன. என் வீட்டுக் காக்கையே காய்ந்த ரொட்டித் துண்டைத் துவைக்கல் தொட்டியில் போட்டுவிட்டு, ஊறியதா என்று அலகால் அமுக்கிப் பார்த்துக் காத்திருக்கும். ஆனாலும் சியாட்டில் காக்கைகள்தான் என்னைத் தூங்கவிடாமல் யோசிக்க வைத்தன. எங்கள் குடும்பத்துக் கதை அதில் இருந்தது.

எங்கள் பாட்டன் காலத்தில் வாய்க்கால் தண்ணீருக்காகப் பங்காளிகளோடு சண்டை. சண்டை போட்ட இரண்டு பேருமே போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. அந்த வாய்க்காலும் தூர்ந்து, மேலே வீட்டுமனை போட்டுவிட்டார்கள். பேச்சுவார்த்தை மட்டும் இன்னும் இல்லை. அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு நாங்கள் போவதில்லை. எங்கள் வீட்டுச் சாவுக்கு அவர்கள் தெருமுனையோடு திரும்பிவிடுவார்கள். யாரும் எங்களை உட்காரவைத்து 'இவர்கள் நமக்குப் பகை' என்று பாடம் நடத்தவில்லை. அந்த வீட்டார் வாசலைக் கடக்கும்போது அம்மா பேச்சை நிறுத்துவாள். அப்பா செய்தித்தாளைச் சற்று உயர்த்திப் பிடிப்பார். சின்னப் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? எங்களுக்குப் பழகியது என் பிள்ளைகளுக்கும் பழகிவிட்டது. போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அந்த வீட்டுப் பையன் விளையாடக் கூப்பிட, என் பேரன் பதில் சொல்லாமல் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தான்.

சியாட்டில் கதைக்குப் பின்பாதி ஒன்று உண்டு. அந்த முகமூடியைப் பார்த்துத் திட்டும் காக்கைகள் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போய், 2013 வாக்கில் உச்சத்துக்கு வந்தன. அதற்குப் பிறகு மெதுவாகக் குறைந்தன. 2023 செப்டம்பரில் முகமூடியோடு நடந்தபோது ஒரு காக்கைகூடத் திட்டவில்லை. 17 வருஷம். யாரும் அவற்றிடம் போய்ச் சமாதானம் பேசவில்லை. அந்த முகம் மறுபடி வலையோடு வரவில்லை, அவ்வளவுதான். பழைய பகைக்குப் புதிதாக ஒன்றும் சேராததால், குஞ்சுக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை.

எதிர்வீட்டுத் தம்பி இப்போது மாடிக் கைப்பிடிச் சுவரில் தண்ணீர் வைக்கிறார். குடித்துவிட்டு அவரையே திட்டுகின்றன என்று வருத்தப்பட்டார். "நீங்க பாட்டுக்கு வச்சுக்கிட்டே இருங்க தம்பி, அதுங்களுக்கும் வருஷம் ஆகும்" என்றேன்.

ஆவணியில் என் பேத்திக்குக் கல்யாணம். பங்காளி வீட்டுக்கும் பத்திரிகை எழுதச் சொல்லிவிட்டேன். வீட்டில் முணுமுணுப்பு இருக்கிறது. மகன் தபாலில் போட்டுவிடலாம் என்கிறான். வெற்றிலை பாக்குத் தட்டோடு நானே நேரில் போய் வைக்கப்போகிறேன். தட்டைத் தூக்கிக்கொண்டு பேரன் கூட வருகிறான்.