தங்கூஸில் தொடங்கும் கணக்கு

போர்ட் பிளேர் ஜங்லிகாட் மீன்பிடித் துறையில் நான் தேடிப் போன படகோட்டி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ராடும் ரீலுமாக மீன்பிடிக்க வரும் பயணிகளைக் கடலுக்குக் கூட்டிப்போவது அவர் தொழில். ஓடும் படகுக்குப் பின்னால் தூண்டிலை இழுத்துச் சீலா, சூரை, ஊளி பிடிக்கும் வித்தை அவருக்கு அப்பா வழியில் வந்தது. நல்ல ராடாக எப்படிப் பார்த்து வாங்குவது என்று கேட்டேன். படகில் செருகி நின்ற ராடுகளை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“ராடு கெடக்கட்டும் தம்பி. எந்த மீனு, எந்தத் தங்கூஸு, அதை மொதல்ல சொல்லுங்க.”

கடைக்குப் போகிறவர்கள் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறோம். பளபளப்பைப் பார்த்து ராடை எடுத்துவிட்டு, தூண்டில் நூலான தங்கூஸைக் கடைக்காரர் கையில் விட்டுவிடுகிறோம். ராடின் அடியில் அச்சிட்டிருக்கும் எண்ணோ, அது எவ்வளவு பலமுள்ள தங்கூஸுக்கு ஏற்றது என்பதைத்தான் சொல்கிறது. 1939இல் தொடங்கிய பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிச் சங்கமும் சாதனைகளை 10, 15, 24, 37 கிலோ என்று தங்கூஸின் பலத்தை வைத்தே பிரிக்கிறது. சீலாவுக்கும் நடுத்தரச் சூரைக்கும் படகோட்டி அண்ணாச்சி வைத்திருந்தது 24 கிலோ.

அது ஒற்றை இழை நைலான். பின்னல் நூல் அதைவிட மெல்லியது. அதே ரீலில் எவ்வளவோ அதிகம் சுற்றலாம். பிறகு ஏன் நைலான்? படகு ஆறேழு நாட் வேகத்தில் முன்னால் போகிறது. மீன் இரையைக் கவ்விக்கொண்டு எதிர்த்திசையில் பாய்கிறது. அந்த அதிர்ச்சியை நைலான் நீண்டு வாங்கிக்கொள்ளும். பின்னல் நூல் அநேகமாக நீளாது. தூண்டில் முள் மீனின் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். வெகுதூரம் ஓடும் பெரிய சூரைக்கு, ரீலின் அடியில் பின்னல் நூலும் மேலே நைலானுமாகச் சுற்றுவதுண்டு. சீலாவின் பல்லுக்கு இரண்டுமே நிற்காது. நுனியில் எஃகுக் கம்பி வேண்டும்.

கிளம்புவதற்கு முன் அவர் செய்த ஒரு வேலைதான் என்னை மிகவும் ஈர்த்தது. மீன் நிறுக்கும் கொக்கித் தராசைத் தங்கூஸின் நுனியில் மாட்டினார். ராடை என்னிடம் கொடுத்து, ராடு வளைய வளைய மெல்ல இழுத்தார். தராசு எட்டுக் கிலோ காட்டியதும் ரீல் நூலை விட்டது. ரீல் நூலை விடாமல் நிறுத்தும் இந்த இறுக்கம்தான் பிடி. 24இல் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு மேல் கூடாது. மிச்சம் எதற்கு? முடிச்சு பலத்தைக் கொஞ்சம் தின்னும். நீருக்குள் வளைந்து கிடக்கும் தங்கூஸைத் தண்ணீர் இழுக்கும். எல்லாவற்றையும்விடப் பெரியது சுருளின் கணக்கு. நூல் போகப்போகச் சுருள் மெலியும். அதன் விட்டம் பாதியானால் எட்டுக் கிலோப் பிடி தானாகவே 16 ஆகிவிடும். மீன் ஓடுவதைப் பார்த்துப் பதறி இறுக்குகிறவர்கள் அறுத்துக்கொள்வது இதனால்தான்.

பிடியை இப்படி அளந்து வைக்கும் வசதி ரீல்களில் எப்போதும் இருந்ததில்லை. 1913இல் கலிஃபோர்னியாவின் கேட்டலினா தீவுக் கடலில் வில்லியம் பாஷன் ஒரு வாள்மீனைப் பிடித்தார். அவர் யோசனைப்படி ஜூலியஸ் வோம் ஹோஃப் செய்த ரீலில் நட்சத்திர வடிவத் திருகால் பிடியைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. மீன் இழுக்கும்போது ரீலின் கைப்பிடி எதிர்ச்சுற்றில் சுழன்று விரலை உடைத்த காலம் அப்போதுதான் மாறத் தொடங்கியது.

அண்ணாச்சியின் அப்பாவுக்கு ரீலே கிடையாது. சைக்கிள் டியூபை அறுத்து விரல்களில் சுற்றிக்கொண்டு கைத்தூண்டில் இழுத்தவர். “அப்பாவுக்குத் தராசு வேண்டாம் தம்பி. வெரல் சூடு கண்டா விட்டுருவாரு.” ரீல் வாங்குகிறவர்கள் தேட வேண்டியது அந்த விரலைத்தான் என்று நினைக்கிறேன். நூல் புறப்படும் முதல் கணத்தில் பிடி திக்காமல் நழுவ வேண்டும். பளபளப்பும் பெயரும் அதற்கு அப்புறம்.

ராடு பற்றிச் சொல்ல அவரிடம் அதிகம் இல்லை. ஆறடிக்குள் போதும். நீண்ட ராடு தூர வீசுவதற்கு. இங்கே வீச்சே இல்லை. நீளம் கூடினால் நெம்புகோலின் லாபம் மீனுக்குப் போகும், முதுகுவலி நமக்கு வரும். கார்பன் இலேசானது, ஆனால் படகோரத்தில் இடித்துக் கீறல் விழுந்தால் பாரம் ஏறும்போது ஒடியும். கண்ணாடி இழை கனம், அடி தாங்கும். பல கைகள் மாறும் படகுக்கு அதுவே சரி என்பது அவர் கட்சி. நானும் அந்தக் கட்சிதான். உருளை வைத்த வளையங்கள் இருந்தால் ஒவ்வொன்றையும் விரலால் சுற்றிப் பார்க்க வேண்டும். உப்பேறிச் சிக்கிய உருளை ஒன்று போதும், தங்கூஸை அராவிவிடும்.

கரைக்கு வந்ததும் பயணிகள் மீனோடு படம் எடுக்கப் போய்விட்டார்கள். வேலை அப்போதுதான் தொடங்கியது. கூட வந்த பையன் ராடுகளை நல்ல தண்ணீரில் கழுவினான். அண்ணாச்சி தங்கூஸைப் பாகம் பாகமாக விரலிடுக்கில் ஓட்டி, சொரசொரத்த இடம் வரை வெட்டி எடுத்தார். பிறகு ரீல்களின் பிடியை முழுக்கத் தளர்த்தினார்; இறுக்கியபடி விட்டால் உள்ளே தட்டுகள் ஒட்டிக்கொள்ளும், மறுநாள் முதல் மீனே அறுத்துப் போகும். இந்த உழைப்பு வாடகைச் சீட்டில் எங்கும் வராது. படகு பேசப் போகிறவர்கள் ராடு எந்தக் கம்பெனி என்று விசாரிப்பதைவிட, தங்கூஸ் எப்போது மாற்றியது என்று கேட்கலாம். அண்ணாச்சி பருவத்துக்கு இருமுறை மாற்றுகிறார்.